பின் சீட்டு

பஸ் டிப்போவில் அவருக்கு நட்டு என்று பேர். தரையில் நட்டு, போல்ட், வாஷர் எது கிடந்தாலும் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எதையும் தூக்கிப் போடக் கூடாது, என்றைக்காவது உதவும் என்பது அவர் கட்சி. "நட்டு கழண்ட கேஸ்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள்கூட கியர்பாக்ஸ் மக்கர் பண்ணினால் அவரைத்தான் தேடி வருவார்கள். பேச்சு குறைவு. வீட்டில் இன்னும் குறைவு. டிப்போ வாசலில் பஸ் நுழையும்போதே சத்தத்தை வைத்து எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனுஷனுக்கு, சொந்தப் பெண்டாட்டியிடம் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய குட்டிக் கார். இரண்டே கதவு, எஞ்சின் பின்பக்கம், சோப்பு டப்பா மாதிரி வண்டி. கல்யாணமான புதிதில், யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்கி ஓட வைத்தார். ஒரே மகன் வளர்ந்தது அதன் பின் சீட்டில்தான். அங்கேதான் பால் கக்கினான், பரீட்சைக்குப் படித்தான். கால் நீண்ட பிறகும் முழங்காலை மோவாய் வரை மடக்கிக்கொண்டு அங்கேயே தூங்கினான். அம்மா முன் சீட்டிலிருந்து கையைப் பின்னால் விட்டு அவன் பாதத்தைத் தட்டிக்கொண்டே வருவாள்.

காலேஜில் சேர்ந்த வருஷம் பையனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அந்த வண்டிக்குப் பெரிய எஞ்சின் போட வேண்டும். கொட்டகைச் சுவரில் வண்டியின் பின்பகுதியை சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, அதற்குள் புது எஞ்சினை உட்கார வைத்துக் காட்டினான். சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டை அறுத்துவிட்டு சீட்டை எடுத்தால் இடம் கச்சிதமாக இருக்கும் என்றான்.

"பின்னாடி யாருப்பா உக்காரப் போறா?" என்று சிரித்தான்.

அவர் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வண்டி உடம்பு அந்த எஞ்சினைத் தாங்காது, போய் வேலையைப் பார் என்றார். பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மாற்றினால் தாங்கும் என்று அவருக்கே தெரியும். செய்து கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். பையன் ஒற்றைக் காலில் நின்று பார்த்தான். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு ஒரு சிநேகிதனின் பழைய பைக்கை வாங்கினான். மழை பெய்த ஒரு சாயங்காலம் அந்த பைக் வளைவில் சறுக்கியது. பையன் வீடு திரும்பவில்லை.

பெண்டாட்டி அவரைக் குற்றம் சொல்லவில்லை. உங்களால்தான் என்று ஒரு தடவை கத்தியிருந்தால் தேவலை. சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அவரோடு அந்தக் காரில் அப்புறம் ஏறவே இல்லை. ஆஸ்பத்திரியோ கடைத்தெருவோ, எங்கே போவதானாலும் பஸ்தான். கூப்பிட்டால், நீங்க போய்ட்டு வாங்க என்பாள். கடைசியில் அவரும் எடுப்பதை விட்டார். டயரில் காற்று இறங்கி வண்டி கொட்டகையிலேயே நின்றுவிட்டது.

மகன் கேட்டதைச் செய்துவிடுவது என்று நட்டு முடிவு செய்தார். செய்து முடித்து, அவளை முன் சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப் போக வேண்டும். ஏறினாளானால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். மன்னித்துவிடு என்று சொல்ல நாக்கு எழவில்லை, கைதான் எழுந்தது. அந்த மனுஷனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

லீவு நாளெல்லாம் கொட்டகையில் கழிந்தது. துருவைச் சுரண்டினார், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தார், பிரேக் மொத்தத்தையும் மாற்றினார். கதவுக் கீல்கூடப் புதிது போட்டார். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு புதுக் காரிலிருந்து, பையன் சொன்ன அதே ரக எஞ்சின் கிடைத்தது. அதை அளந்துவிட்டு, சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டின் மேல் டேப்பை வைத்தார். பையன் போட்ட அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. டேப்பைப் பிடித்தபடியே நின்று அழுதார்.

கொட்டகையில் எல்லாவற்றின் மேலும் தூசி படியும். பின் சீட்டில் மட்டும் படியாது. நடுவில் ஒரு பள்ளமும் விழுந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பூனைதான் வந்து படுக்கிறது என்று அவர் நினைத்தார். பூனையைக் கண்ட இடத்தில் விரட்டினார். பாவம், அது செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கியது. ஒரு தடவை சீட்டு இடுக்கில் ஒரு கொண்டை ஊசி கிடைத்தது. எந்தக் காலத்தில் விழுந்ததோ, அடைப்புக் குத்த ஆகும் என்று தகர டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயம் அவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன் என்று தகவல் வந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ளக் கிளம்பிப் போனாள். இதைவிட்டால் ஆகாது என்று அவர் வெல்டரைக் கூப்பிட்டார். நடுத் தகடு அறுபட்டது. சீட்டு வெளியே வந்தது. இதை வைத்துக்கொள்கிறீர்களா அண்ணே என்று வெல்டர் கேட்டார். வாஷரைக்கூட விட்டுவைக்காத மனுஷன், அன்றைக்கு மட்டும் வேண்டாம், பழைய இரும்புக் கடையில் போட்டுவிடு என்றார். மகன் தலை வைத்துத் தூங்கிய எண்ணெய்க் கறை அதில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வேலை ஓடவில்லை.

புது எஞ்சின் இடம் பார்த்து உட்கார்ந்தது. முதல் சாவிக்கே பிடித்துக்கொண்டது.

அவள் திரும்பி வந்ததும், பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். அவ்வளவு பேச்சு அவர் வாயிலிருந்து வந்து வருஷக்கணக்காகியிருந்தது. பெயின்ட்டைக் காட்டினார், பிரேக்கைப் பற்றிச் சொன்னார், வா, ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்றார். அவள் எதையும் பார்க்கவில்லை. முன் சீட்டைச் சாய்த்து உள்ளே தலையை விட்டாள்.

"சீட்டு எங்க?"

"எடுத்தாச்சு. அவன் சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேன். இனிமே பின்னாடி யாரு உக்காரப் போறா?"

"நான் உக்காந்தேன்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் நின்ற இடத்திலேயே சொன்னாள். அவர் டிப்போவுக்குப் போனதும் வேலையை முடித்துவிட்டு மத்தியானம் இங்கே வருவாளாம். கதவைச் சாத்திக்கொண்டு, அவன் படுத்த மாதிரியே காலை மடக்கிப் படுப்பாளாம். கறை இருந்த இடத்தில் அவன் தலை வாசனை இன்னும் இருந்ததாம். வீட்டுக்குள் அழுதால் அவர் காதில் விழுமே என்றுதான் இங்கே வந்தாளாம்.

கடைசியாக ஒன்று கேட்டாள். "அவன் கேட்டப்பவே செஞ்சு குடுத்திருக்கலாம்ல?"

குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்ப் பையிலிருந்த துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

அவர் பழைய இரும்புக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் சீட்டை அன்றைக்கே கிழித்து ஸ்பிரிங்கைத் தனியாக எடுத்திருந்தார். பஞ்சும் உறையும் குப்பை வண்டியில் போய்விட்டன. வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். நட்டு வெறுங்கையோடு நடந்து வந்தார்.

அடுத்த லீவு நாளில் புது எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்தார். ஓடுகிற எஞ்சினை யாராவது இறக்குவார்களா, நட்டு முழுசாகவே கழண்டுவிட்டது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். இறக்கி முடித்தபோது எஞ்சினும் இல்லை, சீட்டும் இல்லை. அறுத்த ஓட்டையும் வெறும் தரைத் தகடும்தான் மிச்சம். அவள் வந்து பார்த்தாள். உள்ளே ஏறி, அந்தத் தகட்டின் மேலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் டப்பாவைக் கிளறிக் கொண்டை ஊசியை எடுத்தார். சட்டையில் துடைத்து நீட்டினார். அவள் வாங்கித் தலையில் செருகிக்கொண்டாள். அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஸ்பேனரை ஓரமாக வைத்துவிட்டு, முன் சீட்டில் உட்காரலாம் என்று ஒரு காலை உள்ளே வைத்தார்.

"கதவச் சாத்திட்டுப் போங்க," என்றாள்.

காலை எடுத்துவிட்டுச் சாத்தினார். முன்பெல்லாம் அந்தக் கதவை ஓங்கி அறைய வேண்டும். இப்போது கீல் புதிது. தொட்டதும் சாத்திக்கொண்டது.