மைதானத்தில் ஒரு தலை குறைவு

கரீமுல்லா பாய்க்கு எங்கள் யாருடைய பெயரும் தெரியாது. நம்பர்தான் தெரியும். நான் நாற்பத்தொன்று. என் நண்பன் பஞ்சாட்சரம் முப்பத்தேழு. சுயம்புலிங்கம் என்ற நல்ல பெயர் ஒன்று எனக்கு இருந்தும், இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அது அவர் வாயில் வந்ததில்லை. முதலில் எனக்கு அதில் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

மயிலாப்பூரில், லஸ் டிராம் நிற்கும் இடத்திலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் எங்கள் கல்லூரி. அதன் பெயர் இங்கே வேண்டாம். பாய் அங்கே அட்டெண்டர். மணி அடிப்பது ஒரு வேலை, ஆஜர் எடுப்பது இன்னொரு வேலை. வகுப்பில் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட இடம். வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். பாய் பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் வந்து, காலியாக இருக்கும் இடங்களின் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடுவார். நாற்பத்தாறு பேருக்கு அரை நிமிஷம் போதும். நண்பனின் இடத்தில் உட்கார்ந்து காட்டிவிட்டு, அவர் அடுத்த வரிசைக்குப் போவதற்குள் நம் இடத்துக்கு நழுவிவிடலாம் என்று நான் ஒரு நாள் முயன்றேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"நாப்பத்தொண்ணு, உன் எடத்துக்குப் போ நைனா" என்றார்.

அவரைப் போல எதையும் கேள்வி கேட்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. அது 1943. ஜப்பான்காரன் எப்போது குண்டு போடுவானோ என்று பட்டணமே பயந்துகொண்டிருந்த சமயம். கல்லூரி ஜன்னல்களிலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். தாழ்வாரம் நெடுக மணல் வாளி, தண்ணீர் வாளி. ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் தற்காப்புப் படையின் அதிகாரி ஒருவர் வந்து, நெருப்புக் குண்டின் மேல் மணலைக் கொட்ட வேண்டும் என்று செய்து காட்டினார். கூட்டத்தின் கடைசியிலிருந்து பாய், "மணலு போட்டா ஏன் சார் அணையுது?" என்று கேட்டார். அதிகாரி, "சொன்னதைச் செய்" என்றார். பாய் விடவில்லை. கெமிஸ்ட்ரி புரொபசர் வீட்டுக்குப் போகும்போது அவர் குடையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்து, லஸ் வருவதற்குள் விஷயத்தைக் கறந்துவிட்டார்.

அதே புரொபசர்தான், புகை மேலே போகும், தரையோரம் மூச்சு விடலாம் என்றும் சொன்னாராம். பாய்க்கு அதையும் பார்த்துவிட வேண்டும். கச்சேரி ரோடு பள்ளிவாசலுக்குப் பின்னால் சந்தில் அவர் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, தரையில் கவிழ்ந்து படுத்து மூச்சு விட்டுப் பார்த்திருக்கிறார். அவர் சம்சாரம் நஸ்ருன்னிசா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மௌத்தாகிப்போனார் என்று நினைத்து ஓவென்று அழுதுவிட்டாராம். இதை அவரே எங்களிடம் சொன்னார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மத்தியானத்தில் யாருமில்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடப்பார். "லாப் மேல கீதே ஸ்டோர் ரூம், படியிலேர்ந்து கடைசி ஜன்னலுக்குப் பத்தொம்போது அடி" என்பார். எதற்கு என்று கேட்டேன். "தெரிஞ்சிக்கினா இன்னா தப்பு?" என்றார்.

தீ ஒத்திகை என்று ஒன்று ஆரம்பித்தது. மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைப் பாய் இடைவிடாமல் அடிப்பார். எல்லோரும் வரிசையாக வெளியே வந்து, மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் வகுப்பு வகுப்பாக நிற்க வேண்டும். ஒத்திகை சாக்கில் பையன்கள் காபி ஹோட்டலுக்கு ஓடிவிடக் கூடாதென்று, அங்கே எடுக்கும் ஆஜரே அந்த மணி நேரத்துக்கு ஆஜர் என்று பிரின்சிபால் உத்தரவு போட்டார். ஆனால் மைதானத்தில் பெஞ்சு ஏது? அதனால் வாத்தியார் நம்பரைக் கூப்பிடுவார், நாங்கள் "பிரசன்ட் சார்" என்போம்.

"கிளாஸ்ல காலி எடம் கண்ணுக்குத் தெரியுது. இங்க காலி எடமே இல்லியே சார்? நம்பர் வாரியா, கை தூரத்துல நிக்க வச்சா இன்னா?" என்று பாய் பிரின்சிபாலிடம் கேட்டார். நெருப்பு எரியும்போது வரிசை பார்க்க நேரமிருக்காது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. பஞ்சாட்சரம் மந்தைவெளிக்காரன். ராத்திரியெல்லாம் ஏ.ஆர்.பி. தொண்டனாகத் தெருக் காவல். காலையில் கண் சொக்கிப்போய் வருவான். ஆஜர் குறைந்து, பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம் என்று எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியிருந்தான். அவன் லாபுக்கு மேலே ஸ்டோர் ரூமில், பழைய பேப்பர்க் கட்டுகளின் மேல் தூங்குவான். மூன்று ஒத்திகையிலும் முப்பத்தேழுக்குக் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு நானே பதில் சொன்னேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. அன்றும் பஞ்சாட்சரம், "டேய் லிங்கம், மாடிக்குப் போறேன், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தண்டவாளம் விடாமல் அடித்தது. ஒத்திகைதான் என்று சிரித்துப் பேசிக்கொண்டு வந்து மரத்தடியில் நின்றோம். வாத்தியார் முப்பத்தேழு என்றார். "பிரசன்ட் சார்" என்றேன். நாற்பத்தொன்று என்றார். அதற்கும் சொன்னேன். அவர் ரிஜிஸ்தரை மூடி, "எல்லாரும் வந்தாச்சு" என்று பிரின்சிபாலைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

அப்போதுதான் லாப் பக்கம் புகையைப் பார்த்தேன். யாரோ ஒரு பையனின் ஸ்பிரிட் விளக்கிலிருந்து ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதம் பற்றிக்கொண்டதாம். அது கீழே. புகை போனது மேலே.

சொன்னால் நான் செய்தது வெளியே வரும். மாம்பலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பாவுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் வருஷம் போகும். அவன் எழுந்து வந்திருப்பான் என்று ஒரு மனம் சொன்னது. வரவில்லை என்று என் கண்ணே சொன்னது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாய் மணிச் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நாப்பத்தொண்ணு, முப்பத்தேழு எங்கே?"

நான் மாடியைப் பார்த்தேன்.

"மூணு தபாவும் நாப்பத்தாறு குரல் வந்துச்சு. தலை நாப்பத்தஞ்சுதான். இன்னிக்கும் அதான். ஏன்னு பாத்துக்கினேதான் இருந்தேன். எங்கே அவன்?"

"ஸ்டோர் ரூம்ல, பாய்."

அவர் துண்டை வாளித் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினார். வெளிப்படி ஏறியவர் மேலே போய்க் குப்புறப் படுத்துத் தவழ்ந்ததை நான் பார்த்தேன். பிறகு புகைதான் தெரிந்தது. பத்தொன்பது அடி, பத்தொன்பது அடி என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். பிரின்சிபால் ஏதோ கத்தினார். வாத்தியார் ரிஜிஸ்தரைத் திறந்து திறந்து பார்த்தார். கடைசியில் பாய் பஞ்சாட்சரத்தின் இரண்டு காலையும் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு படிக்கு வந்தார். மற்ற அட்டெண்டர்கள் ஏறிப்போய் இருவரையும் தூக்கிவந்தார்கள். பஞ்சாட்சரம் இருமி இருமி வாந்தி எடுத்தான். அவனுக்கு உயிர் இருந்தது. பாயின் வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது. பற்றியெரிந்த பேப்பர்க் கட்டு ஒன்றைக் கையாலேயே தள்ளியிருக்கிறார்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். குரல் கம்மியிருந்தது. நஸ்ருன்னிசா அம்மா எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும் நைனா. பொகையப் பாத்தே. உன் மூஞ்சிலேயே தெரிஞ்சுது. நான் வர்ற வரிக்கும் ஏன் சும்மா நின்னுக்கினு இருந்தே?"

அதில் கோபமே இல்லை. மணல் போட்டால் ஏன் அணைகிறது என்று கேட்டாரே, அதே குரல். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வருஷம் போயிடும்னு பயந்துட்டேன், பாய்."

அவர் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

"அப்டியா" என்றார்.

மறுநாள் பிரின்சிபாலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சாட்சரத்தை, ராத்திரிக் காவல் வேலையைக் கணக்கில் எடுத்து, பரீட்சை எழுத விட்டார்கள். என்னை அந்த வருஷம் முழுக்க வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் அடுத்த ஒத்திகை என்று பஞ்சாட்சரம் சொன்னான். மனசு கேட்காமல் போய், கல்லூரி மதிலுக்கு வெளியே நின்றேன். பையன்கள் நம்பர் வாரியாக, கை தூரம் விட்டு நின்றார்கள். யாரும் நம்பர் கூப்பிடவில்லை. பாய் வரிசையோடு நடந்து வந்தார். நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அங்கே நின்றார். மதிலுக்கு மேலே என் தலையையும் பார்த்தார். பென்சிலை இடது கையில் பிடித்து, மெல்ல எழுதினார்.

"நாப்பத்தொண்ணு இல்லே சார்" என்றார் வாத்தியாரிடம்.

எனக்குப் பழக்க தோஷம், வாய் திறந்துவிட்டது. அதை மூடிக்கொண்டேன்.