முந்தானைக்கு அடியில் ஒரு கை

என் கேமரா பையின் சின்ன அறையில் எப்போதும் ஓர் ஊக்கு கிடக்கும். லென்ஸ் துடைக்கும் துணியை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். காஞ்சிபுரத்தில் கல்யாணப் படம் எடுக்கிறவன் எவனும் ஊக்கில்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. மணப்பெண்ணின் முந்தானையை முதுகுப் பக்கமிருந்து இழுத்து, வலது கையின் மேல் விரித்து, இடுப்பருகே குத்திவிட வேண்டும். கரையும் ஜரிகையும் அப்போதுதான் பளிச்சென்று விழும். முகம் கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் மன்னித்துவிடுவார்கள். புடவை மங்கினால் கடை தேடி வந்து சண்டை போடுவார்கள். இருபது வருடப் பழக்கம் இது. இதுதான் என்னைக் கவிழ்த்தது.

மூன்று வருடங்களுக்கு முன், ஊரை ஒட்டிய ஓரிக்கையிலிருந்து ஓர் ஓவியர் அம்மா கூப்பிட்டார். டெல்லி வரை பேர் போனவர். அவருடைய ஓவியங்கள் புத்தகமாக வருகின்றன, அட்டைக்கு அவர் படம் வேண்டும். நேரில் போனதும், சென்னையில் எத்தனையோ பேர் இருக்க என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பதிலுக்கு வலது கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் நடுவில் வளைந்து அடுத்த விரல் மேல் சாய்ந்திருந்தது. சிறுமியாக அப்பாவின் தறியில் கரை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள உட்கார்ந்த காலத்தில், தறிப் பலகையில் நசுங்கி, அப்படியே கூடிப்போன விரல்.

"போன தடவ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல இத்த நேராக்கிக் குடுத்துட்டாம்பா. இன்னொருத்தன் கையே இல்லாம வெட்டிட்டான். இந்த வளைவுலதான் எனுக்கு பிரஷ்ஷு நிக்குது. நீ ஊர்க்காரன், சொன்னா புரியும்னு கூப்ட்டேன். மூஞ்சி எப்டி வந்தா இன்னா, கை வரணும்."

சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினேன். எனக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. சன்னலோரம் உட்காரச் சொன்னேன், பிறகு நாற்காலியை மாற்றினேன், திரும்பவும் சன்னலுக்கே கொண்டுவந்தேன். கையைக் குறிவைத்தால் முகம் விறைத்தது; முகம் இளகினால் கை அசைந்தது. நாற்பது படம் ஆகியும் ஒன்றும் பிடிக்கவில்லை. அவர் கட்டியிருந்ததோ அரக்கில் பச்சைக் கரை போட்ட பட்டு, அப்பாவும் அவருமாக நெய்தது. என் கண் அதிலேயே போய்ப் போய் நின்றது. "புடவைக்காக ஒண்ணே ஒண்ணும்மா" என்று ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு முந்தானையை இழுத்து அவர் கை மேல் விரித்தேன். அவர் என்னையே பார்த்தார். உதட்டோரம் மட்டும் லேசாகச் சிரித்தது. அந்த நொடியை எடுத்தேன்.

மறந்துபோய் அனுப்பிவிட்டேன் என்று சொன்னால் பச்சைப் பொய். எல்லாவற்றையும் திரையில் போட்டு நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒன்றை மட்டும் அனுப்பினேன். பேர் வாங்கித் தரப்போவது அதுதான் என்று தெரிந்தது. வாங்கியும் தந்தது. புத்தகம் வந்த அன்று அம்மா போன் செய்தார்.

"படம் ஜோரா இருக்குதுப்பா. கை எங்க?"

அடுத்த வாரமே வந்து வேறு எடுக்கிறேன் என்றேன். தை பிறந்தது, முகூர்த்தம் என்றேன். ஆடியில் சும்மாதான் இருந்தேன், அப்போதும் போகவில்லை. மாகறலில் கல்யாணம் என்றால்கூட ஓரிக்கை வழியை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். வெட்கம்தான், வேறென்ன. யாராவது அந்தப் படத்தைப் புகழ்ந்தால் உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது.

போன மாதம் சென்னையில் அவருடைய கண்காட்சி. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் ஓவியத்தில் நானே இருந்தேன். பல்லில் ஊக்கு, குனிந்த தலை, முந்தானையை இழுக்கும் என் இரண்டு கைகள். நகத்திலிருந்த அழுக்கைக்கூட விடவில்லை. முந்தானைக்கு அடியில் அவர் கை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வண்ணமே இல்லை, வெறும் கித்தான் துணி. பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. இன்று காலை வண்டியை எடுத்துவிட்டேன். பாதி வழியில் நிறுத்தி, பையைத் துழாவி, அந்த ஊக்கைத் தூக்கிப் போடப் பார்த்தேன். கை வரவில்லை. சட்டைப் பையில் குத்திக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

அம்மா சாதாரண நூல் புடவையில், ஏதோ வரைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஊக்கைப் பார்த்தார்.

"குடு அத்த."

கொடுத்தேன். முந்தானையைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய், அதே ஊக்கால் இறுக்கிக் குத்திக்கொண்டார். பிரஷை எடுத்து வளைந்த விரலில் வைத்தார்.

"ஓடிக்கினு இருந்தது போதும்பா. எடு."

எடுத்தேன். முதல் மூன்று படமும் கலங்கிப்போயின. அவர் கை ஆடவே இல்லை.