அரிசி மண்டியில் பாடிய தமிழரசி

புதன்கிழமை காலை, ஒலிப்பதிவுக்காக மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அன்று பாட வரவிருந்த தமிழரசியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார்." குடவாசலிலிருந்து தஞ்சாவூரில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்குக் கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். "சரிப்பா, மெதுவா வரச் சொல்லு" என்றேன். தம்பி கதறிவிட்டார். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. முந்தின நாள் மாலைதான், "சரணத்தை இன்னும் நிதானமா எடுக்கலாம் சார்" என்று போனில் பாடிக் காட்டியிருந்தார். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

அவருடைய குழந்தைப் பாடல்களைக் கேட்ட உங்களில் பலருக்கு, முதல் பாடல் பதிவான இடம் ஓர் அரிசி மண்டி என்பது தெரியாது.

அப்போது என் ஸ்டுடியோ மாடியில் இருந்தது, கீழே மண்டி. போலியோவில் இரு கால்களும் செயலிழந்த தமிழரசி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அந்தக் குறுகலான படிகளை அண்ணாந்து பார்த்தார். நானும் தபலா வாசிப்பவரும் நாற்காலியோடு தூக்கிவிடுவதாகச் சொன்னோம்.

"வேணாம் சார். காலேஜ்ல தூக்கினாங்க, கல்யாண மண்டபத்துல தூக்கினாங்க. தூக்குறவங்க கை நடுங்குறது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோட மேல வந்து என்னத்தப் பாடுறது? மைக்கைக் கீழ இறக்குங்க."

"கீழ வெறும் மூட்டைதானேம்மா இருக்கு?"

"மூட்டைக்கு நடுவுல எனக்கு இடம் இருக்காதா?"

மண்டிக்காரர் சிரித்துக்கொண்டே மூட்டைகளை நகர்த்தினார். ஜன்னல் வழியே ஒயரை இறக்கினோம். தெருவில் பஸ் ஹாரன் ஓயவில்லை. ஆனால் சுற்றிலும் அடுக்கியிருந்த மூட்டைகள் சத்தத்தை வாங்கிக்கொண்டன. ஹெட்போனில் அவர் குரல் மட்டும், மூச்சு வாங்குவது உட்பட, அத்தனை தெளிவாகக் கேட்டது. எடை போடுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

முடிந்ததும் அவர் கேட்டார்: "இன்னிக்கு மண்டிக்காரரு மனசு வச்சாரு. நாளைக்கு என்னை மாதிரி இன்னொருத்தர் வந்தா என்ன செய்வீங்க?"

அந்த ஆண்டே மண்டியின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோவைக் கீழே கொண்டுவந்தேன். தமிழரசியே வந்து, சக்கர நாற்காலிக்காக வாசலில் போட்ட சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்தார். உள்ளே சுற்றி வந்தவர் முகம் சுளித்தார். "எல்லாக் கதவையும் அகலமாக்கிட்டு பாத்ரூம் கதவை விட்டுட்டீங்களே. பாத்ரூம் போக முடியாதேன்னு பாட வர்றவங்க தண்ணி குடிக்காமலே இருக்கணுமா?" மறுநாளே கொத்தனார் வந்தார்.

புதன்கிழமை மாலை, அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் போன் அடித்தது. சீர்காழியிலிருந்து பார்வையற்ற புல்லாங்குழல் கலைஞர் ஒருவர் பதிவுக்கு நேரம் கேட்டார். அந்த நிலையிலும் என் வாயிலிருந்து முதலில் வந்தது, "வாங்க. நீங்க வசதியா வாசிக்க நாங்க என்ன செஞ்சு வைக்கணும்?" என்பதுதான். அப்படிக் கேட்க என்னைப் பழக்கியவர் தமிழரசி. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான்.

போனில் புல்லாங்குழல் கலைஞர் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டேன்.