குடல்காரன் லாப்போவின் தலைகீழ் முகம்

மொந்தெசோர்தோ நகரத்துக்கு ஒரு துரோகி கிடைத்த வருஷம் குடல்காரன் லாப்போவுக்கு நாற்பத்தொரு வயது. துரோகியின் பெயர் உபெர்த்தோ. நகரத்தின் படைத்தலைவன். வடக்கு வாசல் சாவியைப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்களோடேயே குதிரையேறிப் போய்விட்டான். ஆளைத் தூக்கில் போட வழியில்லை. ஆள் கிடைக்காவிட்டால் ஆளின் படத்தைத் தூக்கில் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நடுவர் மாளிகையின் வெளிச்சுவரில், ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி வரைந்துவிடுவார்கள். போகிறவன் வருகிறவன் துப்பலாம், அழுகிய முட்டை எறியலாம். நீதி நிறைவேறியது என்று எழுத்தர் ஏட்டில் எழுதிக்கொள்வார்.

உருப்படியான ஓவியன் எவனும் அந்த வேலையைத் தொட மாட்டான். தூக்குப்படம் போட்ட கையால் மாதா படம் போட எந்தச் சாமியார் விடுவார்? பியாஜோ தொட்டான். அவன் அதற்கு முன் ஒரு கல்யாணப் பெட்டிக்குப் படம் போட்டிருந்தான். குதிரை கழுதை மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை குதிரை மாதிரி இருக்கிறான் என்று பெண்வீட்டார் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வரைவதில் ஒரு சிக்கல். ஓடியவன் உபெர்த்தோ மட்டும்தான். அவனுடைய அண்ணன் தம்பி மூன்று பேரும் இடுப்பில் வாளோடு அதே தெருவில்தான் நடமாடினார்கள். உபெர்த்தோவின் நிஜமுகத்தைச் சுவரில் ஏற்றினால் பியாஜோவின் விலா எலும்பு மிஞ்சாது. வேறு முகம் வேண்டும். கேட்க நாதியில்லாத முகம்.

எதிர்க்கடையில் லாப்போ இருந்தான்.

தவக்காலம் அது. நாற்பது நாள் ஊரில் யாரும் கறி தின்னமாட்டார்கள். குடல், ஈரல், ஆட்டுத்தலை விற்கிறவனுக்கு வாசலில் நிற்பதைத் தவிர வேலை கிடையாது. கரிக்கட்டியும் பலகையுமாகப் பியாஜோ தன்னையே உற்றுப் பார்ப்பதை மூன்றாவது நாள்தான் லாப்போ கவனித்தான்.

"யோவ், என்னய்யா என்னையே மொறைக்கிற?"

"அசையாதண்ணே. அந்த மூக்கு இருக்கே, காளை ஒதைச்ச மூக்கு, அதுக்குன்னு ஒரு களை இருக்கு."

"என்ன படம்?"

"பெரிய எடத்துப் படம். ஊரே நின்னு பார்க்கும்."

லாப்போவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவனுக்கும் விவரம் தெரியும். அந்த ஊர்க் கோவில் படங்களில் இருக்கிற அப்போஸ்தலர்களில் பாதிப் பேர் மூட்டை தூக்குகிறவர்கள், மீதிப் பேர் ரொட்டி சுடுகிறவர்கள். பீடத்தின் ஓரத்தில் சுத்தமான கையைக் கூப்பி முழங்காலில் நிற்கிற பட்டு அங்கிக்காரர்கள் மட்டும் காசு கொடுத்துத் தங்கள் முகத்தை வரைந்துகொண்டவர்கள். ஏழையின் முகத்தை ஓவியர்கள் கேட்காமலேயே எடுத்துக்கொள்வார்கள். அதனால் லாப்போ மறுநாள் தலைவாரி, மீசையை மழித்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக நின்றான். ஒரு வாரம் நின்றான்.

"எந்தப் புனிதரா இருப்பேன்னு நெனைக்கிற?" என்று மனைவி மிங்காவிடம் கேட்டான்.

"ஏசு கழுதை மேல ஏறி வந்த படமா இருக்கும்," என்றாள் மிங்கா. "நீ ஏசு இல்லேன்னு மட்டும் தெரியுது."

உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள் சாரத்தைப் பிரித்தார்கள். நடுவர் மாளிகைச் சுவரில், மஞ்சள் காற்சட்டை போட்டு, வலது காலில் கயிறு மாட்டி, தலைகீழாகத் தொங்கினான் லாப்போ. உதைபட்ட மூக்கு, இடது புருவத்து மரு, எல்லாம் அச்சு அசல். முகத்தில் கரி பூசுவது என்பார்கள். பியாஜோ சுண்ணாம்பும் காவியும் சேர்த்துப் பூசியிருந்தான். முதல் முட்டையைக் கீரைக்காரி பெர்த்தா எறிந்தாள். குறி தவறாத கை. முட்டை மருவின் மேலேயே உடைந்தது.

அப்புறம் கடையில் அவனிடம் யாரும் நேராக நின்று பேசவில்லை. தலையைச் சாய்த்து, கழுத்தைத் திருப்பி, "ஆங், இப்பத்தான்யா அடையாளம் தெரியுது" என்றார்கள்.

அதைக்கூட லாப்போ தாங்கியிருப்பான். அவன் மனசு கிடந்தது மெழுகுதிரியில். ஆகஸ்டு மாதம் பரலோக மாதா திருநாளில் ஒவ்வொரு சங்கமும் ஆளுயர மெழுகுதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பவனியில் போகும். இறைச்சிக்காரர் சங்கத்தில் பதினான்கு பேர், ஆளுக்கு ஒரு வருஷம் முறை. சதை விற்கிறவர்களுக்கு நடுவில் குடல் விற்கிறவன் லாப்போ ஒருவன்தான். மற்ற நாளெல்லாம் சங்கத்தில் அவன் கடைசி பெஞ்சு. அந்த ஒரு நாள் மட்டும் திரி பிடித்தவன் பெரிய குடும்பத்துக்காரர்களுக்கும் முன்னால் நடப்பான். லாப்போவின் முறை சரியாக அந்த ஆகஸ்டில் வந்தது.

"அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாதாவுக்கு முன்னால நடக்கப் போறியா?" என்றான் சங்கத் தலைவன் ஸ்தோல்தோ. "சுவத்துலேர்ந்து எறங்கு மொதல்ல. அதுவரைக்கும் உன் முறை நிக்கும், அப்புறம் திரியத் தூக்கு."

"நான் எங்கே ஏறினேன்? என்னை ஏத்திவிட்டாங்க."

"அத நடுவர்கிட்ட சொல்லு."

லாப்போ நடுவரிடம் போனான். வெளியூர்க்காரராக இருந்தால்தான் நியாயம் கோணாது என்று நகரமன்றம் ஆறு மாதத்துக்கு ஒரு நடுவரை வெளியூரிலிருந்து வரவழைக்கும். ஆறு மாதத்தில் அவருக்கு மாளிகையில் கழிப்பிடம் எங்கே என்று தெரியும்போது ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார். எழுத்தர் மட்டும் மாறமாட்டார்.

முதல் நடுவர் சுருக்கமானவர்.

"அது உன் முகமா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப நீதான் துரோகி."

"ஐயோ, இல்லீங்கய்யா."

"அப்ப அது உன் முகம் இல்லை. போ."

இரண்டாவது நடுவர், படத்தை அழிக்க மன்றத்தின் ஓட்டு வேண்டும் என்றார். மன்றத்தில் உபெர்த்தோவின் அண்ணன் தம்பிமார் உட்கார்ந்திருந்தார்கள். குடும்பத்தில் தொங்க ஒருவன் தேவைதான், அது குடல்காரனாக இருப்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாவது நடுவர் பொறுமையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார். பேச்சு முடிவதற்குள் லாப்போ வெளியே வந்துவிட்டான், பொறுமை போய்.

நான்காவது நடுவர்தான் சட்டம் படித்தவர். முகங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். லாப்போவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எழுத்தர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா, படத்துல இருக்கறவன் தலைகீழா இருக்கான். இவன் நேரா நிக்கிறான். எப்படி ஒப்பிடறது?"

நடுவர் யோசித்தார். "கயிறு கொண்டு வா."

மாளிகை முற்றத்து உத்தரத்தில் காவலர்கள் லாப்போவின் காலில் கயிறு மாட்டித் தூக்கினார்கள். ஊர் கூடிவிட்டது. சங்கத்துப் பதிமூன்று பேரும் கடையடைத்துவிட்டு வந்திருந்தார்கள். நடுவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார், உள்ளே வந்து லாப்போவைப் பார்த்தார், மறுபடி வெளியே போனார். வழியில் யாரோ ஒருவரோடு வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தார். கால்மணி நேரம். லாப்போவின் முகத்தில் ரத்தம் இறங்கி, மூக்கு வீங்கி, மரு உப்பி, படத்தைவிடப் படமாகத் தொங்கினான்.

"எழுதிக்கொள்," என்றார் நடுவர். "படத்தில் இருப்பவன் தொங்குவது வலது காலில். மனுதாரர் தொங்குவது இடது காலில். ஒத்துப்போகவில்லை."

அந்தத் தாளை லாப்போ மடித்து வைத்துக்கொண்டான். முத்திரை போட்ட தாள். அதை ஸ்தோல்தோவிடம் காட்டினான். ஸ்தோல்தோ தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது உண்மை, இருந்தாலும் அவன் வேண்டுமென்றேதான் அப்படிப் பிடித்தான். இரண்டாவது ஆகஸ்டும் போயிற்று.

மூன்றாவது வருஷம் தவக்காலத்தில் நகரத்தின் தெற்கே வேறொரு எதிரி கிளம்பினான். மொந்தெசோர்தோவிடம் படை இல்லை, உபெர்த்தோவிடம் இருந்தது. மன்றம் கூடி ஒரே மனதாக அவனை மன்னித்தது. உயிர்ப்புத் திருநாள் கழித்து, வடக்கு வாசல் வழியாகவே மேளதாளத்தோடு வந்தான். கீரைக்காரி பெர்த்தா பூ எறிந்தாள், அதுவும் குறி தவறவில்லை. விருந்துக்குக் குடல் சமைக்கக் கொடுத்தது லாப்போவின் கடை. சாப்பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியே படத்தைப் பார்த்தான் உபெர்த்தோ.

"யாரிந்தப் பாவி?" என்றானாம்.

படத்தை எடுத்துவிட மன்றம் உத்தரவு போட்டது. அன்று லாப்போ கடையில் வந்தவர்க்கெல்லாம் ஈரல் கொசுறு போட்டான். ஆனால் மன்றத்தில் சிக்கனக்காரர்கள் உண்டு. தலைகீழாகத் தொங்குகிற ஒரு ஆளை முழுசாக வரைந்து வைத்திருக்கிறோம், அதை வீணாகச் சுண்ணாம்படித்து அழிப்பானேன்? தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்ட அப்போஸ்தலர், இராயப்பர் ஒருவர் இருக்கிறாரே! கயிற்றை அழி, சிலுவையைப் போடு, கையை விரித்துவிடு, முடிந்தது.

ஜூலைத் தொடக்கத்தில் மறுபடி சாரம் கட்டினார்கள். மறுபடி பியாஜோ. காய்ந்த சுவரில் வண்ணம் பிடிக்க வேண்டுமென்றால் முட்டையில் குழைக்க வேண்டும். ஊரார் இரண்டு வருஷத்துக்கு மேலாக எறிந்தது பற்றாதென்று இன்னும் நான்கு டஜன் முட்டை அந்த முகத்துக்குப் போயிற்று. பொன் தகட்டுக்கு மன்றம் ஒப்பவில்லை, ஒளிவட்டத்தை மஞ்சளிலேயே போட்டான். தலை கீழே, வட்டம் அதற்கடியில். தூரத்திலிருந்து பார்த்தால் லாப்போவின் கடைப் பலகையில் தட்டில் வைத்த ஆட்டுத்தலை.

தாடி மட்டும் பாக்கி. லாப்போ சாரத்தடியில் காவலாக நின்றான். வெள்ளைத்தாடி ஏறிவிட்டால் போதும், மூக்கும் மருவும் தாடிக்குள் போய்விடும்.

"அடர்த்தியாப் போடுய்யா. கண்ணு வரைக்கும் போடு."

"கண்ணுல எவனுக்கு அண்ணே தாடி மொளைக்கும்?"

அப்போது பெர்த்தா வந்தாள். லாப்போ பழக்கத்தில் தலையைக் குனிந்தான். அவள் கூடையை இறக்கி, முழங்காலில் விழுந்து, ஒரு சின்னத் திரியைக் கொளுத்தி வைத்தாள். சுவரில் இருந்த மருவைத் தொட்டு முத்தமிட்டாள். பிறகு திரும்பி உயிரோடிருக்கும் மருவைப் பார்த்தாள்.

"ஏ லாப்போ! உனக்குள்ள இப்படியொரு முகராசியா? இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே!"

அவள் போன பிறகு லாப்போ தன் மருவைத் தடவிப் பார்த்தான்.

"பியாஜோ."

"என்னண்ணே?"

"தாடிய... ரொம்பப் போட்டுடாத."

"எவ்வளவு?"

"மோவாயோட நிறுத்திக்க. மரு பாவம், அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஒரு மாதம் லாப்போவுக்கு ராஜபோகம். கர்ப்பிணிகள் அவன் கையால் ஈரல் வாங்க வரிசை கட்டினார்கள். மிங்கா மட்டும், "ஏன்யா புனிதரே, வெறகு பொளந்தாச்சா?" என்றாள். மாதா திருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் லாப்போ புதுச்சட்டை தைத்துக்கொண்டு ஸ்தோல்தோவிடம் போனான்.

"திரி எங்க? தூக்கிப் பார்க்கணும்."

ஸ்தோல்தோ எழுந்து நின்றான். கடைசி பெஞ்சுக்காரனுக்காக அவன் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"அதெப்படிப்பா? மாதாவுக்கு முன்னால இராயப்பர் மெழுகுதிரி தூக்கறதா? ஜனங்க மாதாவைக் கும்பிடுமா, உன்னையக் கும்பிடுமா? சங்கத்துக்குப் பாவம் வந்து சேரும். அந்த மூஞ்சி சுவத்துல இருக்கற வரைக்கும் நீ ஓரமா நின்னு எங்களை ஆசீர்வாதம் பண்ணு."

லாப்போ ஓட்டமும் நடையுமாக மாளிகைக்குப் போனான். ஆறாவது நடுவர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஐயா, சுவத்துல இருக்கறது என் மூஞ்சி இல்லீங்க."

எழுத்தர் ஏட்டைப் புரட்டினார். "உன் மூஞ்சிதான்னு நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கியே."

லாப்போ மடியிலிருந்து தாளை எடுத்தான். "ஒத்துப்போகலேன்னு முத்திரை போட்டுக் குடுத்தாங்களே! பாருங்க!"

எழுத்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது துரோகி படத்துக்குச் செஞ்ச சோதனை. துரோகி போயிட்டான், மன்னிச்சாச்சு. இராயப்பருக்குத் தனிச் சோதனை வேணும்." நடுவரின் பக்கம் குனிந்தார். "ஐயா, அவருக்கு ரெண்டு காலும் மேல. கையும் விரிஞ்சிருக்கணும்."

நடுவர் யோசித்தார். வெளியே சங்கத்துக்காரர்கள் யாரோ மெழுகுதிரிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கயிறு கொண்டு வா," என்றார் நடுவர்.

லாப்போ குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினான். இந்தத் தடவை இரண்டையும்.