ஏலத்துக்குப் போன எங்கள் வாடகை சைக்கிள்கள்

இன்று நடந்ததை யாரிடம் சொல்லி ஆறுவது?

நண்பர்கள் நால்வரும் பெரம்பலூரில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, அரியலூர்ப் பக்கம் ஒரு பெருமாள் கோயிலுக்குப் போனோம்.

திரும்ப மிதிக்கத் தெம்பிருக்காது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸிலோ சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். அதனால் நாங்கள் பஸ்ஸில், சைக்கிள்கள் மாட்டு வண்டியில் என்று ஏற்பாடு.

வண்டி வரும்வரை சைக்கிள்களை எங்கே விடுவது?

"காணிக்கை மாடு நிக்கிற கொட்டகையில கட்டுவோம். சாமி மாட்டுக்கிட்ட எவன் வரப்போறான்?" என்றான் தங்கராசு.

புறப்படும்போதே சந்தனம் பூசி, பூச் சுற்றிய சைக்கிள்கள். மாடுகளுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டுத் தரிசனத்துக்குப் போனோம்.

வெளியே வந்தால் கொட்டகை முன்னால் கூட்டம். மாடுகளை ஏலம் விட்டு முடித்த ஏலக்காரர், என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"ஐயா, அது எங்க சைக்கிளுங்க!" என்று கத்தினேன்.

"பூவச் சுத்திப் பெருமாளுக்குக் கட்டிட்டு, இப்ப மனசு மாறிடுச்சாக்கும்?" என்றார் கூட்டத்தில் ஓர் அம்மா.

அத்தனை பேரும் என்னைச் சாமி சொத்தைத் திருட வந்தவனைப் போலப் பார்த்தார்கள். கடைசியில் நானே கூடுதலாக ஏலம் கேட்டு என் சைக்கிளை எடுத்தேன். மற்ற மூவரும் அப்படியே மீட்டார்கள்.

நாளைக் காலையில் கடையில் ஒப்படைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பெருமாளிடம் நானே விலைக்கு வாங்கிய சைக்கிளுக்கு, கடைக்காரருக்கு எதற்கு வாடகை?