படம் எடுக்கக் கொடுத்த தண்ணீர்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். சித்தப்பா இருந்தார். பாட்டிலோடு ஒரு நர்ஸ் அக்கா. அப்புறம் நான், இரண்டாம் வகுப்பு.

திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுக்கும் இடம். அப்பாவுக்கு மாசக்கணக்கில் வயிற்று வலி. சோறு இறங்குவதில்லை. மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் போளூரிலிருந்து வெறும் வயிற்றோடு இறங்கி வந்திருந்தார்.

நர்ஸ் அக்கா பெரிய பாட்டில் தண்ணீரில் மருந்தைக் கலக்கிக் கொடுத்தார்.

"கொஞ்சங்கொஞ்சமா முழுசும் குடிச்சிரணுங்கய்யா. அப்பத்தான் ஸ்கேன். முடியலன்னா இன்னொரு நாள் வாங்க."

அவர் உள்ளே போனதும் அப்பா சொன்னார்: "இன்னொரு நாளெல்லாம் நான் எறங்கி வரமாட்டேன்."

அப்பா சொன்னால் சொன்னதுதான்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த தம்ளரில் அம்மா ஊற்றிக் கொடுத்தாள். அப்பா குடித்தார். எழுந்து வாசல் வரை போனார். வந்து உட்கார்ந்தார். மறுபடி குடித்தார், மறுபடி எழுந்தார். சித்தப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கேரட் மூட்டைகள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கிடந்தன. நான் நாற்காலி மாற்றி நாற்காலி உட்கார்ந்தேன்.

ஐந்து தம்ளர் இறங்கியது. அடுத்ததை நீட்டியபோது அப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதும். கசக்குது."

"இன்னுங் கொஞ்சந்தான் கெடக்கு. குடிங்க."

"நீயே குடி."

அம்மா கதவைப் பார்த்தாள். குடித்தாள்.

எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கசாயம் போட்டால் எல்லாரும் ஆளுக்கொரு மடக்கு குடிப்போம். அதனால் எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. என் முறைக்குக் காத்திருந்தேன்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு. "மதினி, ஒங்களுக்கும் சேத்துப் படம் எடுக்கச் சொல்லிருவமா?"

அம்மா சிரிக்கவில்லை. மிச்சத்தையும் ஊற்றி ஊற்றிக் குடித்தாள். பாட்டில் காலி.

நர்ஸ் அக்கா வந்தார். "முழுசும் குடிச்சிட்டாரா?"

"ம்" என்றாள் அம்மா.

"அம்மாவும் குடிச்சாங்க. எனக்குத்தான் தரல" என்றேன்.

நர்ஸ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏக்கா, இது நோவைக் குணமாக்குற மருந்தில்லக்கா. குடல் படத்துல தெளிவாத் தெரியணும்னு குடுக்கிறது. நீங்க குடிச்சா அவரு குடல் எப்பிடித் தெரியும்?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"இன்னைக்கே எடுத்துருங்கம்மா. வீட்டுக்குப் போயிட்டா இவரு திரும்ப வரமாட்டாரு."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையிலிருந்து தம்ளரை வாங்கினார்.

"கலக்குங்கம்மா. வெரசா."

அம்மா குடித்த அளவுக்குக் கலக்கிக் கொடுத்தார்கள். அப்பா எழுந்திருக்காமல் குடித்து முடித்தார். படம் எடுத்தார்கள். கட்டி தெரிந்தது. அடுத்த வாரமே அறுத்து எடுத்தார்கள். அப்பா இன்றைக்கும் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்.

அம்மாவுக்குத் தாகம் என்றுதான் அன்று நினைத்தேன். அவளுக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

அப்பா குடித்தது எட்டுத் தம்ளர். அம்மா குடித்தது மூன்று.