பூண்டுக்கு ஒரு ஜன்னல்

பூண்டு எடுக்கிற நேரத்தில் மன்னவனூரில் மழை பிடித்தால் எங்கள் அம்மா வானத்தையே திட்டுவாள். அந்த வருஷம் திட்டியும் மழை கேட்கவில்லை. தாள் என்கிற தண்டோடு சேர்த்துக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிட்டால்தான் மலைப்பூண்டுக்கு மதிப்பு. தாள் அழுகிப் பல் பல்லாக உதிர்ந்ததை எதில் கட்டுவது? வத்தலக்குண்டு வியாபாரி திரும்பியும் பார்க்கவில்லை. விளைச்சலில் பாதி சாக்கில் கிடந்தது.

அப்போதுதான் விவசாயிகள் கொட்டகைக்கு உலர்த்தும் இயந்திரம் வந்தது. பீரோ மாதிரி பெட்டி; உள்ளே தட்டுகள், பின்னால் சூடான காற்றை ஊதும் விசிறி. அதைப் பொருத்த மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியர் பெண்ணும் வந்தாள். ரெண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"மேடம், நீங்களும் உள்ள ஒரு தட்டுல ஒக்காந்துக்கங்க. கதகதன்னு இருக்கும்" என்றேன்.

"மொதல்ல பூண்டை உரிங்க தம்பி. வாய்க்கு அப்புறம் வேலை குடுக்கலாம்."

பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். படித்தவர்களிடம் திட்டு வாங்கி ரொம்ப நாளாகியிருந்தது, சுகமாக இருந்தது.

அம்மாவின் பூண்டைத்தான் முதலில் சீவி, தட்டில் பரப்பிக் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலத்துக்குள் காய்ந்தால் அரைத்துப் பொடியாக விற்கலாம். காயாவிட்டால் சீவியது அத்தனையும் குப்பைக்கு.

மத்தியானம் தாண்டியும் சீவல் ரப்பராக வளைந்தது. இன்ஜினியர் விசிறியைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், வெப்பமானியைத் தட்டினாள்.

"காத்து சூடாத்தான் வருது. உள்ள சூடு நிக்க மாட்டேங்குது. எங்க போகுதுன்னே தெரியல."

"அந்தா போகுது பாருங்க" என்று கை காட்டினேன்.

அம்மா கதவை அகலத் திறந்து இரண்டு கையாலும் சீவலைக் கிளறிக்கொண்டிருந்தாள். மோந்து பார்க்கச் சித்தியும் அத்தையும் பின்னால் காத்திருந்தார்கள். மிளகாயோ மல்லியோ, கிளறிக் கிளறிக் காயவைத்தே பழகிய கைகள்.

"அக்கா, காலையிலருந்து எத்தனை வாட்டி தொறந்தீங்க?"

"அதை யாரு எண்ணுனா? கண்ணால பாக்காம, கையால கெளறாம எப்படித் தாயி காயும்?"

"மேடம், பூட்டுப் போட்டுருங்க. சாவிய எங்கிட்ட குடுங்க, எங்கம்மாவ நான் பழிவாங்கிக்கிறேன்."

"ஏலே, ஒனக்கு இன்னைக்குச் சோறு கெடையாது."

இன்ஜினியர் பூட்டவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை வெல்டிங் பட்டறைக்கு விரட்டி, தகடு வெட்டும் கருவியை வாங்கிவரச் சொன்னாள். இயந்திரத்தை நிறுத்தி, கதவைக் கழற்றி, அதில் சதுரமாக வெட்டி, பழைய ஜன்னல் கண்ணாடியைப் பொருத்தினாள். பக்கத்தில் கரண்டி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்கு ஒரு மூடி. கதவை மாட்டி இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டாள்.

"பாக்குறது இதுல. எடுத்துப் பாக்குறது இதுல. கதவு வேணாம்க்கா. தட்டுக்கு மேலயும் கீழயும் காத்து போகுது, கெளறாமலே காயும்."

அம்மா எதிரே மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சீரியல்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. சீண்டலாமே என்று கதவுப்பிடியில் கை வைத்தேன். பளாரென்று ஒன்று விழுந்தது.

"சூடு போயிரும்ல! கைய எடு!"

"பாத்தீங்களா மேடம், ஒரே நாள்ல எங்கம்மாவும் இன்ஜினியர்."

இருட்டுகிற நேரத்தில் அம்மா கரண்டியில் ஒரு சீவலை எடுத்து வளைத்தாள். வளையவில்லை, டக்கென்று ஒடிந்தது. ஒரு பாதியைத் தான் மென்று, மறுபாதியை இன்ஜினியர் வாயில் திணித்தாள். குல்லாவுக்குள்ளிருந்து கண்ணும் மூக்கும் ஒழுகின.

"காரம் ஏறுதா தாயி?"

"ஏறு... ஏறுதுக்கா!"

"அப்ப சரி. ஏலே, என்ன இளிப்பு? அடுத்த சாக்க அவுருடா, வெரசா!"